கணித மென்பொருள்: காசு கொடுத்து வாங்குவதா, திறந்த மூலமே போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். மேலே தெரிவது, யாழ்ப்பாணத்தில் உங்கள் கணிதத் துறைக்கு வந்திருக்கும் நிதியில் மட்லாப், மதமெட்டிக்கா என்ற விலைக்கு விற்கும் கணித மென்பொருள்களை வாங்குவதா, அல்லது ஆக்டேவ், சேஜ் போன்ற திறந்த மூல (நிரலை எவரும் பார்க்கவும் இலவசமாகப் பயன்படுத்தவும் கூடிய) மென்பொருள்களை வைத்தே படிப்பிப்பதா என்பது. ஆனால் கடைசி வரியில், இலவசத்தில் படித்த பிள்ளை நாளைக்கு வெளிநாட்டுக்கு ஆய்வு செய்யப் போனால் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டி வராதா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். முதலில் அதற்குப் பதில்: வராது. கணிதம் வடிவாகத் தெரிந்து, ஒரு மென்பொருளில் நன்றாகக் கைபழகிய பிள்ளை மற்றதைச் சில கிழமைகளில் பிடித்துவிடும். எந்த மென்பொருளையும் தன் சொந்தக் கணினியில் வைத்துப் பழகாத பிள்ளைதான் பின்னால் நிற்கும். என் பதில் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

நான் பல வருடங்களாக எண்ணியல் பகுப்பாய்வும் அட்சரகணிதமும் படிப்பிக்கிறேன். இந்த இரண்டிலும் நான் சொல்வதை நம்பி எடுக்கலாம். கட்டுப்பாட்டுப் பொறியியல், சமிக்ஞை ஆய்வு போன்றவற்றில் என் அனுபவம் மேலோட்டமானது. அங்கே பொறியியல் பீடத்தில் இருப்பவர் வேறுமாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மட்லாப் எங்கே பிறந்தது என்று பார்த்தால் கேள்வியின் பாதி தெளியும். 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் படிப்பித்த கிளீவ் மோலர், லின்பாக், ஐஸ்பாக் என்ற ஃபோர்ட்ரான் நிரல் தொகுதிகளைத் தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே பயன்படுத்தட்டும் என்று அதை எழுதினார். ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகவே கொடுத்தார். 1984இல்தான் மத்வேர்க்ஸ் நிறுவனம் தொடங்கி அது விற்பனைப் பொருளானது. ஆக்டேவும் வகுப்பறையில் பிறந்ததுதான். இரசாயனத் தாக்கிகளை வடிவமைப்பது பற்றிய ஒரு பாடநூலுக்குத் துணையாக ஜோன் ஈட்டன் 1992இல் அதை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற இரசாயனப் பொறியியல் பேராசிரியருடையது. இரண்டுக்கும் மொழி ஏறத்தாழ ஒன்று. எண்களை நிரை நிரலாக அடுக்கிய தாயங்களைக் கையாளும் முறையும், வரைபு கீறும் கட்டளைகளும், நேரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் பின்சாய்வுக் குறியும் அப்படியே ஒத்துப்போகும்.

ஒத்துப்போகாத இடங்களும் உண்டு, அவற்றை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்தால் போதும். ஆக்டேவில் ஹாஷ் குறி போட்டும் குறிப்பு எழுதலாம். மட்லாப் அதை ஏற்காது, ஆகவே சதவீதக் குறியையே பழக்குங்கள். ஒரு மாறியை ஒன்றால் கூட்ட இரண்டு சகக் குறி போடும் சுருக்கெழுத்தும் ஆக்டேவில் மட்டுமே வேலை செய்யும். சொற்சரங்களை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதப் பழக்குங்கள். இரட்டை மேற்கோள் இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இந்த ஒழுங்கோடு எழுதிய முதலாம், இரண்டாம் வருடச் செய்முறைகள் திருத்தமில்லாமல் மட்லாப்பிலும் ஓடும்.

இனி, விலைக்கு வாங்கியது கூடுதலாகச் சரியான விடை தருமா? இதற்கு வகுப்பில் நான் செய்துகாட்டும் ஒன்றைச் சொல்கிறேன், நீங்களே இன்றைக்கு ஓட்டிப் பார்க்கலாம். 12 நிரை, 12 நிரல் கொண்ட ஹில்பேர்ட் தாயத்தை எடுங்கள். அதன் மூலகங்கள் எல்லாம் ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று போகும் எளிய பின்னங்கள். விடைகள் எல்லாம் ஒன்றாக வரும்படி வலப்பக்கத்தை அமைத்துவிட்டு, மட்லாப்பில் தீர்க்கச் சொல்லுங்கள். தாயம் ஏறத்தாழத் தனித்தது, அதாவது நேர்மாறு இல்லாததற்கு மிகக் கிட்ட என்று எச்சரிக்கை வரும். விடைகளில் சிலவற்றைப் பார்த்தால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் முதலாம் அல்லது இரண்டாம் தசமதானத்திலேயே பிழை தெரியும். அதையே ஆக்டேவில் செய்யுங்கள். அதே எச்சரிக்கை, அதே அளவுப் பிழை. காரணம், இரண்டுமே உள்ளே லாபாக் என்ற ஒரே திறந்த மூல நிரல் தொகுதியைத்தான் கூப்பிடுகின்றன, இரண்டுமே ஏறத்தாழ 16 இலக்கத் திருத்தத்தில்தான் கணக்கிடுகின்றன. அந்தத் தாயத்தின் நிபந்தனை எண், அதாவது சின்னப் பிழை விடையில் எத்தனை மடங்கு பெருக்கலாம் என்பதன் அளவு, பத்தின் 16ஆம் அடுக்கு அளவில் இருப்பதால் கையிலிருந்த இலக்கங்கள் எல்லாம் கரைந்துபோகின்றன. பிறகு சேஜிலோ, பின்னங்களையும் குறியீடுகளையும் அப்படியே கையாளும் மக்சிமா என்ற திறந்த மூல மென்பொருளிலோ அதே தாயத்தைப் பின்னங்களாகவே கொடுத்துத் தீர்த்தால் 12 ஒன்றுகளும் அச்சொட்டாக வந்து நிற்கும். பிள்ளை கற்க வேண்டிய வித்தியாசம் இலக்கங்களை வெட்டிக் கணக்கிடும் மிதவைப் புள்ளிக் கணிப்புக்கும் செப்பமான கணிப்புக்கும் இடையில் இருப்பது. காசு கொடுத்ததா கொடுக்காததா என்பதற்கு அதில் பங்கே இல்லை.

இன்னொன்று. எக்ஸின் என்-ஆம் அடுக்கைத் தொகையிடச் சொல்லி மக்சிமாவிடம் கொடுத்தால், அது விடை சொல்ல முதல் நம்மையே கேட்கும்: என் என்பது மறை ஒன்றுக்குச் சமமா என்று. ஆம் என்றால் மடக்கை தரும், இல்லை என்றால் வழமையான சூத்திரம் தரும். மதமெட்டிக்கா கேட்காமலே பொதுச் சூத்திரத்தைத் தந்துவிடும். இது மதமெட்டிக்காவின் பிழை இல்லை, பொதுவான பெறுமானங்களுக்கு விடை தருவது என்று அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. ஆய்வாளருக்கு அது வசதியும்கூட. ஆனால் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்துவிட்டுச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரயோகிக்கப் பழகிவந்த பிள்ளைக்கு, கணினி திரும்பக் கேட்கிற அந்த ஒரு கேள்வி பெரிய பாடம். படிப்பிக்கிறவனாக எனக்கு மக்சிமாவில் பிடித்த விடயம் இதுதான்.

திறந்த மூலத்துக்காக இவ்வளவு சொன்ன நான் மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மட்லாப்போடு சேர்ந்து வரும், தொகுதிப் படங்களால் இயங்குமுறைகளை மாதிரியாக்கும் சிமுலிங்குக்கு நிகரானது திறந்த மூலத்தில் இல்லை. சைலாப் என்ற திறந்த மூல மென்பொருளோடு வரும் எக்ஸ்கொஸ் அடிப்படைகளைப் படிப்பிக்கப் போதும், ஆனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற ஒரு பிள்ளை தொழிற்துறைக்குப் போகும்போது அங்கே எதிர்பார்ப்பது சிமுலிங்கைத்தான். எண்கோட்பாட்டிலும் அட்சரகணிதக் கேத்திரகணிதத்திலும் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மக்மா என்ற மென்பொருள் பல கணிப்புகளில் இன்னும் முன்னுக்கு நிற்கிறது. குறோப்னர் அடிகள், நீள்வளையிகளின் விகிதமுறு புள்ளிகளைத் தேடும் இறக்க முறைகள் போன்றவற்றில் வேக வித்தியாசத்தை நேரில் காணலாம். அமெரிக்காவின் இலாப நோக்கற்ற கல்வி நிறுவனங்களுக்கு மக்மாவைச் சைமன்ஸ் அறக்கட்டளை காசு கொடுத்துத் திறந்துவிட்டிருக்கிறது. எங்களுக்கு அந்தக் கதவு இல்லை. இருந்தாலும் மக்மாவின் இணையக் கணிப்பானில் குறித்த ஒரு நேர எல்லைக்குள் யாரும் இலவசமாக ஓட்டலாம். கணக்கைக் கவனமாகத் துண்டு துண்டாக உடைத்தால் ஒரு முதுமாணி ஆய்வுக்கு வேண்டியதில் கணிசமான பங்கை அதிலேயே முடிக்கலாம்.

உதவிக் குறிப்புகளிலும் விலைக்கு விற்கிறவர்கள் முன்னுக்கு நிற்கிறார்கள். மட்லாப், மதமெட்டிக்கா இரண்டிலும் ஒவ்வொரு கட்டளைக்கும் உதாரணத்தோடு வடிவாக எழுதிய பக்கம் உண்டு. சேஜில் சில பகுதிகளுக்கு அருமையான விளக்கம் இருக்கும், சில பகுதிகளுக்கு நிரலைத் திறந்து படித்தால்தான் விளங்கும். தனியாக இருந்து படிக்கிற பிள்ளைக்கு இது சின்னக் குறை இல்லை. உத்தமப்படுத்தல் படிப்பிப்பவர்களுக்கு ஒரு விடயம்: கூறோபி போன்ற வர்த்தகத் தீர்ப்பான்கள் கல்வியாளர்களுக்கு இலவச உரிமம் தருகின்றன, ஆனால் அதைப் பல்கலைக்கழக வலையமைப்புக்குள் இருந்து பதிய வேண்டும். திறந்த மூலத்தில் எடின்பரோவில் உருவான ஹைஸ் இருக்கிறது, இளமாணி மட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஆய்வு என்று வரும்போது இன்னொரு கேள்வி எழும். கணினி தந்த விடையை எப்படி நம்புவது? 2014இல் டுரான், பெரேஸ், வரோனா என்ற மூன்று ஸ்பானியக் கணிதவியலாளர்கள் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் நோட்டிசஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரிய நிறைவெண்கள் கொண்ட 14க்கு 14 தாயம் ஒன்றின் துணிகோவையை மதமெட்டிக்காவிடம் கேட்டபோது பிழையான விடை வந்தது. அதே தாயத்தைத் திரும்பக் கொடுத்தால் வேறொரு விடை வந்தது. நிறைவெண்கள்தான், தசமப் பிழை என்று சொல்லவும் இடமில்லை. மேப்பிள் என்ற இன்னொரு வர்த்தக மென்பொருளில் போட்டுப் பார்த்துத்தான் எது சரி என்று அறிந்தார்கள். பிழை எங்கே இருக்கிறது என்று அவர்களால் தேட முடியவில்லை, நிரல் மூடியது.

இதைக் காட்டித் திறந்த மூலத்தில் பிழை இராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேஜின் பிழைப் பட்டியலைத் திறந்து பாருங்கள், பிழையான தொகையீடுகள் அங்கேயும் பதிவாகியிருக்கும். நிரல் திறந்திருப்பதால் யாராவது படித்துச் சரிபார்த்திருப்பார்கள் என்பதும் இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: திறந்திருந்தால் சந்தேகம் வந்தவர் உள்ளே போய்ப் பார்க்கலாம். நிறுவலை வரிக்கு வரி பார்த்த பிறகே ஏற்கும் எங்கள் துறைக்கு அது வெறும் வசதி என்று நான் எண்ணவில்லை, அது எங்கள் தொழிலின் அடிப்படை. காப் என்ற குரூப் தியரி மென்பொருளை 1986இல் ஜெர்மனியின் ஆகனில் தொடங்கிய ஜோக்கிம் நொய்பூசர் இதைக் கூர்மையாகச் சொன்னார். குரூப் தியரியின் அடிப்படைத் தேற்றங்களில் ஒன்றான சைலோ தேற்றத்தை நூலகத்துப் புத்தகத்தில் நிறுவலோடு படித்துவிட்டு வாழ்நாள் முழுவதும் காசில்லாமல் பயன்படுத்தலாம், அதையே கணிக்கும் மென்பொருளுக்கு மட்டும் பயன்படுத்தும் காலமெல்லாம் பணம் கட்டவேண்டியிருக்கிறதே என்பது அவர் வாதம்.

ஆகவே ஆய்வுக்கு என் மாணவர்களிடம் நான் விதிப்பது ஒன்றுதான். கட்டுரையில் போகிற கணிப்பு எதுவானாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மென்பொருள்களில் செய்து பார்க்க வேண்டும். தொடர்பில்லாத என்பதைக் கவனியுங்கள். சேஜ் தொகையிடும்போது பெரும்பாலும் உள்ளே மக்சிமாவைத்தான் கூப்பிடுகிறது. அதனால் சேஜ் விடையை மக்சிமாவில் சரிபார்த்தால் ஒரே சாட்சியை இரண்டு தரம் விசாரித்ததாகிவிடும். எண்கோட்பாட்டில் சேஜின் பின்னால் பிரான்சின் போர்தோவில் உருவான பாரி என்ற மென்பொருள் இருக்கிறது, குரூப் தியரியில் காப் இருக்கிறது. மட்லாப்பும் ஆக்டேவும் லாபாக்கில் ஒன்றுசேர்வதை மேலே சொன்னேன். தொகையீட்டைச் சரிபார்க்க மக்சிமாவுக்கு எதிரே சிம்பை, ஃபிரிகாஸ் என்ற வேறு திறந்த மூல மென்பொருள்களில் ஒன்றை வையுங்கள். எல்லாவற்றிலும் எளிய வழி, வந்த விடையை வகையிட்டுப் பார்ப்பது.

இப்போது எங்கள் ஊர்க் கணக்கு. உரிமம் டொலரில், உங்கள் நிதி ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த வருடம் வருடாந்த உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்த எந்தத் துறைக்கும் செலவு இரண்டு மாதத்துக்குள் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருக்கும். உரிமம் முடிந்தால் மென்பொருள் திறக்காது, செய்முறை வகுப்பு நிற்கும். நிதி ஒரு தரம்தான் வரும், உரிமம் வருடா வருடம் வரும். வாங்க முதல் ஐந்து வருடத்துக்கான செலவை எழுதிப் பாருங்கள், நான்காம் வருடக் காசு எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். விலை எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. டூல்பொக்ஸ் என்ற மேலதிகத் தொகுதிகளின் எண்ணிக்கையையும் இருக்கைகளையும் (எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்பதையும்) பொறுத்து அது மாறும், எழுத்தில் விலைமனுக் கேட்டு எடுங்கள்.

யாரும் வாய்திறந்து சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துறை மட்லாப் வாங்கினால் பிள்ளை வீட்டில் என்ன செய்யும்? வளாக உரிமம் வீட்டுக் கணினிக்கும் சேர்த்து எடுக்கப்படவில்லை என்றால் களவுப் பிரதியைத் தேடிப் போகும். பென் டிரைவில் கை மாறுகிற அந்தப் பிரதியோடு வைரஸும் வரும், பூட்டு உடைத்த மென்பொருளில் செய்த கணிப்பை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது என்ற சங்கடமும் வரும். களவெடுத்தால்தான் வீட்டுவேலையைச் செய்யலாம் என்ற நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்துவது ஆசிரியர் செய்யத் தகாத வேலை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

காசு கொடுத்தால் நிலைத்து நிற்கும், இலவசம் எப்போது நின்றுபோகுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வரலாறு வேறுமாதிரிச் சொல்கிறது. மக்சிமாவுக்குத் தாய், அமெரிக்காவின் எம்ஐடியில் 1960களின் இறுதியில் தொடங்கிய மக்சைமா என்ற நிரல்: அதன் ஒரு கிளை வர்த்தகமாகப் போய் 1990களின் இறுதியோடு நின்றது. மற்றக் கிளையை டெக்சாஸ் பேராசிரியர் வில்லியம் ஷெல்ட்டர் 1982 முதல் பராமரித்து, 1998இல் அனுமதி பெற்றுத் திறந்த மூலமாக்கினார். அவர் 2001இல் இறந்த பிறகும் அது மக்சிமா என்ற பெயரில் இன்றுவரை வளர்கிறது. ஜெர்மனியின் பாடர்போர்னில் உருவான மியூபாட் என்ற கணித மென்பொருளை 2008இல் மத்வேர்க்ஸ் வாங்கியது, அதன் பிறகு அதைத் தனியாக வாங்க வழியில்லாமல் போனது. அதே நேரம் திறந்த மூலத்தின் பலவீனமும் உண்மை. 2005இல் சேஜைத் தொடங்கிய வில்லியம் ஸ்டைன், இப்படியான வேலைக்குப் பல்கலைக்கழகத்தில் போதிய நிதி கிடைப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேராசிரியர் வேலையை விட்டு நிறுவனம் நடத்தப் போனார். சேஜை இன்று தாங்கி நிற்பது உலகெங்கும் இருக்கிற தன்னார்வக் கணிதவியலாளர்கள்தான்.

பாடசாலை ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு குறிப்பு. கேத்திரகணிதத்துக்கும் வரைபுகளுக்கும் ஜியோஜீப்ராவை மிஞ்ச எதுவும் இல்லை, கைபேசியிலும் ஓடும். ஆனால் அது முழுமையான திறந்த மூலம் என்று எண்ண வேண்டாம், வர்த்தகம் அல்லாத பாவனைக்கு இலவசம் என்பதே சரி. காசுக்கு நடத்தும் ரியூசன் நிலையங்கள் அதன் நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

நடைமுறையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். நல்ல சேர்வர் ஒன்றை வாங்கி லினக்ஸ் போட்டு, கொண்டா என்ற நிறுவல் கருவி வழியாகச் சேஜையும் அதோடு ஆக்டேவ், ஆர், பைதன் ஆகியவற்றையும் நிறுவி, உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்ட விடும் ஜூப்பிட்டர்ஹப் ஊடாகத் துறையின் உள்வலையில் திறந்துவிடுவேன். ஆய்வுகூடத்தில் இருக்கிற பழைய கணினிகளுக்கு உலாவி மட்டும் இருந்தால் போதும், வெளி இணையம் அறுந்தாலும் வகுப்பு நடக்கும். யூபிஎஸ் ஒன்றுக்கும் இதே நிதியில் இடம் ஒதுக்குங்கள். விண்டோஸில் சேஜை நேரடியாக நிறுவும் வழி இப்போது இல்லை, டபிள்யூஎஸ்எல் என்ற லினக்ஸ் அடுக்கு வேண்டும். வீட்டு மடிக்கணினிக்கு அது சுமையாக இருந்தால் மக்சிமாவும் ஆக்டேவும் விண்டோஸில் சாதாரணமாகவே ஏறும்.

ஜூப்பிட்டரில் இன்னொரு நன்மை, எங்கள் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போல. உயர்தரம் வரை தமிழில் கணிதம் படித்துவிட்டு வருகிற பிள்ளை முதலாம் வருடத்தில் ஆங்கிலத்தையும் புதுக் கணிதத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது. ஒரே ஏட்டில் தமிழ் விளக்கம், லாடெக் என்ற கணித அச்சுமொழியில் சமன்பாடு, அதன் கீழே ஓடுகிற நிரல் என்று அடுக்கிக் கொடுக்கலாம். பைதன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் முடியும். முதல் பருவத்தில் இப்படித் தொடங்கி இரண்டாம் பருவத்தில் ஆங்கிலத்துக்கு மாறினால் பிள்ளைகள் பயமில்லாமல் வருகிறார்கள் என்பது நான் கண்டது. மென்பொருளால் கணித விளக்கம் கூடுகிறதா என்ற பெரிய கேள்விக்கு மட்டும் உறுதியாகப் பதில் சொல்ல மாட்டேன். கையால் ஒருதரம் தாயத்தை ஒடுக்கிப் பார்க்காத பிள்ளைக்குக் கணினி விடை எதையும் கற்றுக்கொடுக்காது என்பது என் கருத்து, நிறுவிய உண்மை அல்ல.

மிஞ்சும் நிதியில் விலைக்கு வாங்குவது என்றால், எந்த ஆய்வுக்கு, எந்தக் கணிப்புக்கு, திறந்த மூலத்தில் எது முடியாமல் போனது என்று வாங்கக் கேட்பவர் ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். அப்படி எழுத முடிந்தால் ஓர் இருக்கை வாங்குங்கள், தயங்க வேண்டாம். அடுத்த பருவத்தில் எந்தெந்தப் பாடங்களுக்குச் செய்முறை வைக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எது பொருந்தும் என்று தனித்தனியாகச் சொல்கிறேன்.